மண்ணாய்ப் போன சீனி

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, காலை 11 மணி இருக்கும். அம்மா ஸ்பூனில் அள்ளி வாயில் போட்ட சீனியை அப்பா தூவென்று துப்பினார். "மண்ண அள்ளி வாயில போடுறா பாரு, கூறுகெட்டவ" என்று திட்டு வேறு.

அவருக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. பனியன் முதுகோடு ஒட்டிப்போய், கை நடுங்கி, பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. குளுக்கோமீட்டரை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன். 52. 70-க்குக் கீழே இறங்கினாலே லோ சுகர் என்பது கணக்கு. அம்மாவுக்கு, உப்பு டப்பாவை மாற்றி எடுத்துவிட்டோமோ என்று சந்தேகம். விரல் நுனியில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "இனிக்கத்தானடி செய்யுது?" என்று என்னைப் பார்த்து முழித்தாள்.

அப்போதுதான் வராண்டாத் திட்டில் கிடந்த கொடித்துண்டு கண்ணில் பட்டது. எதிரெதிராக இலை விடும் கொடி. அதில் நான்கு காம்புகள் மொட்டையாக நின்றன; கிள்ளிய இடம் இன்னும் காயவில்லை. சிறுகுறிஞ்சான். சுகருக்கு நல்லது என்று மனுஷன் மென்றிருக்கிறார். மென்றால் கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாமல் செய்கிற இலை அது; நாக்கு செத்துக் கிடக்கிறது. அவருக்கு அந்தச் சீனி உண்மையிலேயே மணல்தான்.

"அப்பா, ருசி பாக்காதீங்க. மருந்துன்னு நினைச்சு மடக்குனு குடிங்க" என்று அரை டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் சீனியைக் கரைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "வெறுந் தண்ணிதான இது?" என்றார். 15 நிமிஷம் கழித்துப் பார்த்தால் 81. அப்புறம் இட்லி. அப்புறம் அம்மாவிடம் ஒரு அரைகுறை மன்னிப்பு.

எங்கள் ஊர்ப் பக்கம் டப்பாவில் இருப்பது சீனி, உடம்பில் இருப்பது சுகர். இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் சுகர் இறங்கிப்போய், அதை ஏற்ற வேண்டிய சீனியும் மண்ணாய்ப் போய்விட்டது.

பழியை யார் மேல் போடுவது? காலை 7 மணிக்குக் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பெருமாளுக்குப் படையல் போடும்வரை எதுவும் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். அந்த மாத்திரை கணையத்தைத் தட்டி இன்சுலினைக் கொட்டச் சொல்லும் ரகம். வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. விரதமும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் 52 வருவதற்கு இலையின் உதவி தேவையே இல்லை. இலையும் தன் பங்குக்கு ஒரு கை கொடுத்ததா என்பதை அந்த ஒரு சொட்டு ரத்தம் சொல்லாது. ஆனால் சீனியைத் துப்ப வைத்தது இலைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பத்து வருஷம் அழகர்கோயில் ரூட். அந்த ரூட்டில் விடியற்காலை வண்டியில் கீரைக்கட்டோடு ஏறும் ஓர் அம்மாச்சி, மலையடிவாரத்து வேலிகளில் படரும் குறிஞ்சான் கொடியைத் தினமும் ஒரு பிடி கொண்டுவந்து கொடுக்குமாம். "கண்டக்டரே, இத மென்னுட்டு டீயக் குடிச்சுப் பாரு" என்று சொல்லி, இவர் குடித்து முகம் சுளித்ததைப் பார்த்து பஸ்ஸே சிரித்ததாம். ஓய்வுக்குப் பிறகு மதுரை புதூரில் எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவர் ஓரத்தில் அதே கொடியைக் கொண்டுவந்து ஊன்றிவிட்டார். கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடைகளில் பொடியாகவும் கிடைக்கும், ஆனால் இவருக்குப் பச்சை இலைதான் வேண்டும். பொடியில் என்ன கலந்திருக்கிறதோ என்பது அவருடைய நியாயமான பயம். பெருங்குறிஞ்சான் என்று வேறொரு கொடியும் இருக்கிறது. பெயர் ஒட்டிப்போவதால், பொடியாக்கிவிட்டால் எது எது என்று சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. இலையாக இருந்தால் சோதிப்பது சுலபம்: மென்று ஒரு நிமிஷம் கழித்துச் சீனி போட்டுப் பார்க்க வேண்டியதுதான். இனித்தால் அது சிறுகுறிஞ்சான் இல்லை.

அந்தச் சோதனையை நானும் செய்திருக்கிறேன். கல்லூரியில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படித்தபோது, எனக்கு வந்த புராஜெக்ட் இலையே இதுதான். ஒரு சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் இலையை டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு விளக்குத்தூண் பக்கம் போனோம். கடை வாசலில் நின்றே மென்றோம். முதலில் பச்சை வாசனை, அப்புறம் கசப்பு, கடைசியில் ஒரு துவர்ப்பு. வாயைக் கொப்பளித்துவிட்டு ஆளுக்கு ஒரு ஜிகர்தண்டா. அதுமாதிரி ஒரு அவலத்தை நான் குடித்ததில்லை. குளிர்ச்சி இருக்கிறது, பாலின் கொழுப்பு நாக்கில் படிகிறது, நன்னாரியின் மணம் மூக்குக்கு ஏறுகிறது, பாதாம் பிசின் வழுக்கிக்கொண்டு போகிறது. இனிப்பு மட்டும் இல்லை. கல்யாண வீட்டில் எல்லாச் சொந்தக்காரரும் வந்து உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையைக் காணோம் என்கிற மாதிரி. அரை மணி நேரத்துக்கு மேல் அந்த நிலைமை நீடித்தது. காசு போனதே என்று ஒருத்தி அழாத குறை.

இதில் ஒரு குறும்பு உண்டு. அந்த ஜிகர்தண்டாவில் இருந்த நன்னாரியும் எங்கள் வாயில் இருந்த குறிஞ்சானும் தாவரக் கணக்கில் ஒரே குடும்பம். எருக்கும் உத்தாமணியும்கூட அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். ஒன்று சர்பத்துக்கு வாசனை கொடுக்கிறது, இன்னொன்று சர்பத்தையே கெடுக்கிறது.

இந்த நாக்கு வித்தை காகிதத்தில் ஏறி ரொம்ப காலம் ஆகிறது. 1847-இலேயே எட்ஜ்வொர்த் என்ற வெள்ளைக்காரத் தாவரவியலர், இந்த இலையை மென்றால் இனிப்பு தெரிவதில்லை என்று லண்டன் லின்னேயன் சங்கத்துக்குத் தெரிவித்திருக்கிறார். 1887-இல் ஊட்டியில் இருந்த டேவிட் ஹூப்பர் இலையிலிருந்து அந்தச் சரக்கைப் பிரித்தெடுத்து ஜிம்னிமிக் அமிலம் என்று பெயர் வைத்தார். சிங்கோனாப் பட்டையில் கொய்னா எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்காக அரசாங்கம் வைத்திருந்த ஆள் அவர். கசப்பை அளக்க வந்தவர் கையில் இனிப்பைக் கொல்லும் சரக்கு மாட்டியிருக்கிறது. செடியின் பெயர் ஜிம்னிமா சில்வெஸ்ட்ரே என்பதால் அந்தப் பெயர். அது ஒரே ஒரு பொருள் இல்லை, ஒரே ஜாதியைச் சேர்ந்த பல சப்போனின்களின் கூட்டம். நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பியின் ஒரு பகுதியில் போய் உட்கார்ந்துகொண்டு, சீனி வந்து கதவைத் தட்டினாலும் திறக்க விடாமல் செய்கிறது. உப்பும் புளிப்பும் வழக்கம்போல உள்ளே போகும்.

வடக்கே இதற்கு குட்மார் என்று பெயர். இனிப்பைக் கொல்லி என்று அர்த்தம். நம் ஊரிலும் சர்க்கரைக்கொல்லி என்பார்கள். என் சந்தேகம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பெயர் சொல்வது நாக்கில் நடக்கும் கொலையை. அதை நாம் ரத்தத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறோம். நாக்கில் இனிப்பைக் கொல்வது ரத்தத்திலும் கொல்லாதா என்று ஒரு நினைப்பு. மனசுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் பொருத்தம் பார்த்து ரத்தச் சர்க்கரை இறங்குவதில்லை.

என் புராஜெக்டுக்கு வருகிறேன். தலைப்பு, இலைச் சாற்றின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு மற்றும் நீரிழிவு எதிர்ப்புத் திறன். இதே தலைப்பில் இலைப் பெயரை மட்டும் மாற்றினால் எந்தக் கல்லூரி நூலக அலமாரியிலும் ஒரு வரிசை கிடைக்கும். எங்கள் வகுப்பில் ஆறு பேர், ஆளுக்கு ஒரு இலை: கொய்யா, முருங்கை, கறிவேப்பிலை, ஆவாரை, வேம்பு, அப்புறம் என் குறிஞ்சான்.

இலையை நிழலில் காயவைத்து, மிக்ஸியில் பொடித்து, சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவியில் மெத்தனால் ஊற்றிக் காய்ச்சுவோம். கீழே குடுவையில் கொதிக்கும் மெத்தனால் ஆவியாகி மேலே போய்க் குளிர்ந்து சொட்டுச் சொட்டாக இலைப்பொடி மேல் விழும். நிறைந்ததும் ஒரு இழுப்பில் கடகடவென்று கீழே வடியும். மறுபடி ஏறும். ஆறேழு மணி நேரம் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு தியானம் மாதிரிதான். முதலில் கரும்பச்சையாக வடிவது போகப்போக வெளுத்து, கடைசியில் நிறமே இல்லாமல் இறங்கும். மெத்தனாலை ஆவியாக்கினால் அடியில் தார் மாதிரி பிசுபிசுவென்று ஒரு பச்சைக் குழம்பு நிற்கும். நாங்கள் சாறு என்று சொல்வது அதைத்தான். வீட்டில் யாரும் அப்படி எதையும் குடிப்பதில்லை என்பதை இங்கேயே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜனேற்றத் தடுப்புக்கு, அதாவது விளம்பரத்தில் சொல்லும் ஆன்டிஆக்சிடன்ட் குணத்துக்கு, டி.பி.பி.எச். என்ற பொருளை வைத்து ஒரு சோதனை. அந்தப் பொருளை மெத்தனாலில் கரைத்தால் நாவல்பழம் சாப்பிட்ட நாக்கு நிறத்தில் இருக்கும். ஒரு எலக்ட்ரானுக்கு ஏங்கிக்கொண்டிருக்கும் மூலக்கூறு அது. இலைச் சாற்றை விட்டு, இருட்டில் அரை மணி நேரம் வைத்தால், கொடுக்க வேண்டியதைக் கொடுத்து சாறு அதைச் சாந்தப்படுத்திவிடும். ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் அளந்து, வைட்டமின் சி-யோடு ஒப்பிட்டு எழுதுவோம்.

முதல் குழாய் மஞ்சளானபோது எனக்குக் கை தட்டத் தோன்றியது. பக்கத்து பெஞ்சில் கொய்யா மஞ்சளானது. எதிர் பெஞ்சில் முருங்கையும் மஞ்சள். ஆறு இலையும் மஞ்சள். விளையாட்டுக்கு ஒருத்தி கேண்டீனில் இருந்து டீத்தூளைக் கொண்டுவந்து ஊறவைத்து விட்டாள். அது எங்கள் ஆறு பேரையும் தோற்கடித்தது. பச்சையாக ஒரு இலை இருந்தால் அதில் பாலிஃபினால் இருக்கும். வெயிலில் நாளெல்லாம் நிற்கும் செடி தன்னைக் காத்துக்கொள்ள அதைச் செய்துவைத்திருக்கிறது. டி.பி.பி.எச். வெளுப்பதற்கு அது போதும். அதாவது, அந்தச் சோதனை குறிஞ்சானைப் பற்றி எனக்குத் தனியாக எதுவுமே சொல்லவில்லை. இதை நான் ஆய்வேட்டில் எழுதவில்லை. 'குறிப்பிடத்தக்க ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் காணப்பட்டது' என்று எழுதினேன். எல்லோரும் அதையேதான் எழுதினார்கள்.

ஆக்சிஜனேற்றத் தடுப்பு என்றாலே நல்லது என்பதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 1994-இல் வந்தது. காரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தால், பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு அது கூடியிருந்தது. குழாயில் நல்ல பிள்ளையாக இருந்தது உடம்பில் அப்படி இருக்கவில்லை.

நீரிழிவுக்கு நாங்கள் செய்தது ஆல்ஃபா அமைலேஸ் சோதனை. மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டுகிற நொதி அது, நம் எச்சிலிலும் கணைய நீரிலும் இருக்கிறது. ஸ்டார்ச், நொதி, இலைச் சாறு மூன்றையும் கலந்து, ஒரு மஞ்சள் வினைப்பொருளை ஊற்றிக் கொதிநீரில் வைத்தால், எவ்வளவு சர்க்கரை உண்டானதோ அவ்வளவுக்குச் செங்கல் நிறம் ஏறும். சாறு நொதியைக் கட்டிப்போட்டால் நிறம் குறையும். கூட அகார்போஸ் என்ற மாத்திரையை ஒப்பீட்டுக்கு வைப்போம். என் குறிஞ்சான் நொதியைத் தடுத்தது. கொய்யாவும் தடுத்தது, ஆவாரையும் தடுத்தது. துவர்ப்பான இலையில் பெரும்பாலும் டானின் இருக்கும், டானின் புரதத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும், நொதியும் புரதம்தானே.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர், வயசானவர், ஏட்டைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, குழாயில இவ்வளவு போட்டா பாதி வேலை நடக்குதுங்குற. உடம்புக்குள்ள அவ்வளவு சேர எத்தனை இலை திங்கணும்?" நான் முழித்தேன். மார்க் போட்டுவிட்டுத்தான் போனார், ஆனால் கேள்வி போகவில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு, ஒரு மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராம் சாறு போட்டால் குழாயில் பலன் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் உடம்பில் ரத்தம் சுமார் 5 லிட்டர். அதே அடர்த்தி ரத்தத்தில் வர வேண்டும் என்றால் இரண்டரை கிராம் சாறு ரத்தத்தில் மிதக்க வேண்டும். குடலில் உறிஞ்சப்படாமல் போவது, கல்லீரல் உடைத்துத் தள்ளுவது, சிறுநீரில் போவது எதையும் கழிக்காமல். பத்துக்கு ஒரு பங்கு சாறு இறங்கும் என்றாலும் காய்ந்த இலை 25 கிராம். அப்பா மெல்லுகிற பச்சை இலை நாலு சேர்ந்தால்கூட ஓரிரண்டு கிராம்தான் இருக்கும். அமைலேஸ் தடுப்பு மட்டும் குடலிலேயே நடக்கிற சமாச்சாரம், அதற்கு ரத்தத்தில் ஏற வேண்டியதில்லை என்று நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

குழாயைத் தாண்டினால் அடுத்தது எலி. ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தை ஊசி போட்டு எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைச் சாகடித்து, அப்புறம் இலைச் சாறு கொடுத்துச் சர்க்கரை இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் அப்பாவுக்கு யாரும் ஊசி போட்டுக் கணையத்தைக் கெடுக்கவில்லை. முப்பது வருஷம் பஸ் படிக்கட்டு, நேரங்கெட்ட நேரத்தில் பரோட்டா, ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ என்று மெல்ல மெல்ல வந்த சுகர் அது. எலிக்கும் நமக்கும் நாக்கே வேறு என்பது இன்னும் வேடிக்கை. இதே இலையில் குர்மாரின் என்று 35 அமினோ அமிலம் கொண்ட ஒரு குட்டிப் புரதம் இருக்கிறது. அது எலிகளின் இனிப்பு உணர்வை நன்றாக மழுக்கும், மனிதரிடம் அதன் பாச்சா பலிப்பதில்லை. நம் நாக்கைக் கட்டிப்போடும் ஜிம்னிமிக் அமிலமோ எலியிடம் வாலாட்டாது. ஒரே இலைக்குள் எலிக்கு ஒரு பூட்டு, நமக்கு ஒரு பூட்டு.

மனிதரிடம் பார்க்கவே இல்லையா என்றால், பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம் சென்னையில். சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியலார் 1990-இல் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். அதில் ஒன்று, ஏற்கெனவே சுகர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 22 பேருக்குக் குறிஞ்சான் இலைச் சாறு தினம் 400 மில்லிகிராம், 18 முதல் 20 மாதம் வரை. ரத்தச் சர்க்கரை இறங்கியது, மாத்திரை அளவைக் குறைக்க முடிந்தது, 5 பேரால் மாத்திரையையே விட முடிந்தது. உலகம் முழுக்கக் குறிஞ்சான் மாத்திரை விற்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் கை காட்டுவது இந்த 22 பேரைத்தான். சுத்தமாகச் செய்த வேலை, எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, யாருக்கு இலை யாருக்கு வெற்று மாத்திரை என்று கொடுப்பவருக்கும் எடுப்பவருக்கும் தெரியாமல் நடத்திய சோதனை இல்லை அது. 22 பேர் என்பது எங்கள் தெருவில் காலையில் நடைப்பயிற்சி போகிறவர்களின் எண்ணிக்கை.

சாறு கணையத்திடம் என்ன செய்கிறது என்று லண்டனில் செல்களை வைத்துப் பார்த்தார்கள். 1999-இல் வந்த அந்த முடிவை நான் முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். இன்சுலின் வெளியே வந்தது உண்மைதான். எப்படி வந்தது என்றால், சாற்றில் இருந்த சப்போனின் செல் சவ்வின் கட்டுக்கோப்பைத் தளர்த்தி, உள்ளே இருந்தது கசிந்திருக்கிறது. சப்போனின் என்றால் நுரைக்கிற பொருள், சீயக்காய், பூந்திக்கொட்டையில் இருப்பது. பையைக் கிழித்துவிட்டு, பார் அரிசி கொட்டுகிறது என்று சொன்ன கதைதான். அதற்குப் பின்னால் இன்னும் நல்ல முறையில் பிரித்தெடுத்த பகுதிகளை வைத்துச் செல்லைக் கெடுக்காமலே பலன் கிடைத்ததாக வேறு ஆய்வுகளும் வந்தன. கதை முடிந்துவிடவில்லை.

இலையில் இருந்து மருந்து வரவே வராது என்று சொல்லுகிற ஆள் இல்லை நான். இன்றைக்கு ஊரில் பாதி வீட்டில் இருக்கிற மெட்பார்மினே ஒரு செடியின் வம்சம்தான். ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி. அதில் இருந்த கலேகைன் சர்க்கரையை இறக்கியது, கூடவே ஆட்டையும் கொன்றது. அந்த மூலக்கூறின் சாயலில் 1922-இல் மெட்பார்மினைச் செய்தார்கள், 1957-இல்தான் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளிடம் அது வேலை செய்வதைக் காட்டினார். நடுவில் 35 வருஷம். குறிஞ்சானுக்கு அந்த நடை இன்னும் யாரும் முழுசாக நடக்கவில்லை.

இப்போது நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். காலை 6 மணிக்கே வெறும் வயிற்றோடு வரிசை நிற்கும். 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்றது. அதில் பாதி என் மேஜை முன்னால் உட்காருகிற மாதிரி எனக்குத் தோன்றும். "அக்கா, மாத்திரையை விட்டுட்டேன், குறிஞ்சான் பொடிதான். பேஸ்டிங் எவ்வளவு வருதுன்னு பாப்போம்" என்று கையை நீட்டுவார்கள். டெஸ்ட்டுக்கு முந்தைய மூன்று நாள் கேப்பைக் கூழும் சுண்டலுமாகப் பத்தியம் இருந்திருப்பார்கள், அதைச் சொல்ல மாட்டார்கள். பேஸ்டிங் 118 வந்தால் முகம் மலரும். எச்பிஏ1சி பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். சிவப்பணு 120 நாள் வாழ்கிற ஜீவன். இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையை மேலே பூசிக்கொண்டு சுற்றும். மூன்று நாள் பத்தியத்தை அது சட்டை செய்யாது. ரிப்போர்ட்டில் 9.4 என்று இருக்கும்போது, பொடி வேலை செய்யவில்லை என்று சொல்லக்கூட மனசு வராது. டாக்டரைப் பாருங்கண்ணே, மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க என்று அனுப்பிவைப்பேன். பொடி சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள் என்றும் சொல்வேன். வைவார் என்று பயந்து மறைக்கிறவர்கள்தான் அதிகம். குறிஞ்சான் எடுத்த ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2010-இல் ஒரு மருத்துவ இதழில் வந்திருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் மறைத்து வைத்தால் டாக்டர் எதைத் தேடுவார்?

அப்பாவையும் மறுநாள் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் வையவில்லை. விரத நாளில் அந்த மாத்திரையை எப்படி எடுப்பது என்று எழுதிக் கொடுத்தார். இலையை நிறுத்தச் சொல்லவில்லை, "மென்னா கணக்கு வச்சுக்கோங்க" என்றார். அது போதும் அப்பாவுக்கு. கண்டக்டரிடம் கணக்கு வைக்கச் சொல்லலாமா!

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, டிரிப் ஷீட் மாதிரி கட்டம் போட்டார். தேதி, காலை மீட்டர், மாத்திரை, குறிஞ்சான், டீ, இதர தீனி, ரிமார்க்ஸ். 15 நாள் இலையோடு, 15 நாள் இலை இல்லாமல், இப்படி நாலு சுற்று. எம்.எஸ்சி. படித்த எனக்கு இது தோன்றவில்லை.

இலை நாட்களின் காலைச் சராசரி 133. இலை இல்லாத நாட்களில் 139. "ஆறு பாயிண்ட் கொறைஞ்சிருக்கு பாரு பாப்பா" என்றார். மீட்டரே நூற்றுக்கு 15 வரை முன்னே பின்னே காட்டுவதற்கு அனுமதி உண்டு, இந்த ஆறை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றேன். கொஞ்சம் வாட்டம்தான் அவருக்கு. நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போனவரிடம் இருந்து பிடுங்கி மற்ற கட்டங்களைப் பார்த்தேன்.

இலை இல்லாத நாட்களில்: டீ 4, டீ 5, டீ 4. இதர தீனி: தேங்காய் பன், பொறை, கடலை மிட்டாய், மறுபடி தேங்காய் பன். இலை மென்ற நாட்களில்: டீ 2, டீ 1, டீ 2. இதர தீனி கட்டத்தில் கோடு. ரிமார்க்ஸில், டிக்கெட் நம்பர் எழுதும் அதே நறுக்கென்ற எழுத்தில், 'டீ கழனித் தண்ணி' என்று ஒரு நாள். 'பன் சாக்குத் துணி' என்று இன்னொரு நாள். 'பாதி பன் நாய்க்கு.'

அவர் காலையில் நடந்துவிட்டு, டீக்கடைக்குப் போகும் வழியில் மெல்லுகிற பழக்கம். பஸ்ஸில் அம்மாச்சி கற்றுக்கொடுத்த அதே நேரம். இலை கணையத்துக்குப் போகிறதோ இல்லையோ, தேங்காய் பன்னை அது கடை வாசலிலேயே மறித்திருக்கிறது. ஜிம்னிமிக் அமிலம் கலந்த மிட்டாயைச் சப்பக் கொடுத்தால் ஆட்கள் இனிப்பைக் குறைத்துத் தின்கிறார்கள் என்று வெளிநாட்டில் இப்போது ஆய்வுகள் வருகின்றன. நாங்கள் ஆறு பேர் சாக்ஸ்லெட் முன்னால் உட்கார்ந்து நாள் கணக்கில் காய்ச்சினோம். விளக்குத்தூணில் அரை மணி நேரம் நின்று பார்த்ததை ஆய்வேட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. அது விளையாட்டு என்று நினைத்தோம். பொடியைக் கேப்சூலில் அடைத்து முழுங்குகிறவர்களை நினைத்தால் இப்போது எனக்குப் பாவமாக இருக்கிறது. அது நாக்கில் படுவதே இல்லை.

இதை அப்பாவிடம் சொன்னேன். "அப்ப ஒம் படிப்புக்கு மேல அந்தக் கெழவி படிச்சிருக்கா" என்றார். நாலு சுற்று முடிந்தும் நோட்டை அவர் விடவில்லை. அடுத்த வருஷத் தீபாவளிக்கு மறுநாள் எடுத்துப் பார்த்தேன். காலை மீட்டர் 214. மாத்திரை, டிக். குறிஞ்சான் கட்டத்தில் ஒரு பெரிய பூஜ்யம். இதர தீனி: அதிரசம் 3, அதுவும் அடித்துத் திருத்தப்பட்டிருந்தது, இரண்டை மூன்றாக்கி. ரிமார்க்ஸில் ஒரே வார்த்தை.

'இனிச்சது.'